ஏ-9 வீதியின் மறுமுனையில் ஒரு மீன்

வடக்கில் இருப்பவர்கள் ஏ-9 வீதியை யாழ்ப்பாணத்திலிருந்து எண்ணிப் பழகியவர்கள். அதன் மறுமுனை கண்டி. அண்மையில் கிளிநொச்சியிலிருந்து அந்த வீதியால் என் நண்பன் கண்டிக்கு வந்து இறங்கியபோது, பையோடு நீளமான குழாய் ஒன்றும் அவன் கையில் இருந்தது. உள்ளே, கனடாவிலுள்ள அண்ணன் அனுப்பிய தூண்டில் தடி.

"மச்சான், நுவரெலியாப் பக்கம் ட்ரவுட் மீன் இருக்காம். ஒருக்கா போய்ப் பாப்பம்."

அவன் இரணைமடுவில் தங்கூசியும் மண்புழுவுமாக மீன் பிடித்து வளர்ந்தவன். இந்தத் தடி வேறு வகை. சாதாரண தூண்டிலில் ஈயக்குண்டின் பாரமே நூலை இழுத்துச் செல்லும். இதில் இரை, இறகும் நூலும் சுற்றிச் செய்த போலி ஈ. அதற்குப் பாரம் கிடையாது என்பதால் நூலையே பாரமாகச் செய்திருக்கிறார்கள். தடியைப் பின்னால் வீசி, நூல் முழுவதும் பின்னால் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீசவேண்டும். அவசரப்பட்டால் நூல் காலடியில் குவியும். பேராதனையில் மகாவலிக் கரையில், முள்ளைக் கழற்றிவிட்டு ஒரு மணித்தியாலம் பழகினோம். பொறுப்பதுதான் அவனுக்குக் கடினமாக இருந்தது.

கண்டியில் ட்ரவுட் வாழாது. குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த, ஓடும் நீர் அதற்கு வேண்டும். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேல். ஆகவே மீனைத் தேடி மேலே ஏறவேண்டும். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று வீதி வளைந்து வளைந்து போகிறது.

இந்த மீன் இலங்கையில் பிறந்ததல்ல. 1880களில் பிரித்தானியர் இதைக் கொண்டுவரத் தொடங்கினர். கருவுற்ற முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டியால் குளிரூட்டிக் கப்பலில் அனுப்புவது அக்கால முறை. நுவரெலியாவில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். துரைமார் ஓய்வுநாளில் தங்கள் ஊர் ஆற்றங்கரையில் நிற்பதுபோல உணரவேண்டும் என்பதற்காக இத்தனை ஏற்பாடு.

அதே துரைமாரின் தோட்டங்களுக்கு வந்த மனிதர்களின் பயணம் வேறு. தமிழகத்திலிருந்து படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காடு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று கண்டிக்கு நடந்தே வந்தார்கள். கொலராவிலும் மலேரியாவிலும் பலர் வழியிலேயே இறந்தார்கள். என் நண்பன் பஸ்ஸில் வந்த ஏ-9 வீதியின் தென்பகுதியும் அந்தத் தடத்தை ஒட்டியதுதான்.

புசல்லாவையில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். அப்போதுதான் சொன்னான், அம்மா பிறந்தது அங்கே ஒரு தோட்டத்தில் என்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்கள் குடும்பத்தை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் உறவினர்களை இரண்டு நாடுகளுக்குப் பிரித்தது. 1977 வன்செயலில் லயன் அறையை விட்டு ஓடி வன்னியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009இல் அங்கிருந்தும் முள்ளிவாய்க்கால்வரை நடந்தார்கள். அம்மா பிறகு ஒருமுறையும் மலைக்கு வரவில்லை. தோட்டத்தின் பெயர் அவனுக்குத் தெரியும். எந்த லயன் என்று தெரியாது. தடி வண்டியிலேயே இருந்தது. நாங்கள் அரைமணி நேரம் பச்சை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தநாள் காலை ஹோட்டன் சமவெளி. 1988 முதல் அது தேசிய பூங்கா; மீன்பிடிக்கப் போகும் இடமல்ல. தடியை வண்டியில் விட்டுவிட்டு ஓடைக்கரையில் நடந்தோம். அங்குள்ள குளிர் ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு சிறிய இறால் இனம் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட் அதற்கு ஆபத்து என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். 'அந்நிய ஊடுருவல் இனம்' என்பது அவர்கள் பாவிக்கும் சொல். அதை விளக்கினேன்.

நண்பன் சிரித்தான். "இதைத்தானே மச்சான் எங்களுக்கும் சொன்னவை."

அந்தச் சிரிப்பு என்னைச் சங்கடப்படுத்தியது. மீனைப் பொறுத்தவரை அந்தச் சொல் சரி. அது இறாலைத் தின்கிறது. ஓடை அதற்கு எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. மனிதரைப் பொறுத்தவரை அதே சொல் பொய். இந்த நாட்டின் தேயிலை வருமானம் அவர்கள் முதுகில் ஏறி வந்தது. பின்னர் வன்னியின் காட்டையும் அவர்கள் கைகளே வயலாக்கின. விஞ்ஞானத்தின் சொல்லை எடுத்து மனிதர்மேல் ஒட்டுவது எவ்வளவு இலகு என்பதை நாம் இருவரும் அறிவோம்.

திரும்பும் வழியில் மீன் ஒன்றும் இல்லை. கண்டி பஸ் நிலையத்தில் குழாயை என்னிடமே தந்தான். "அடுத்த முறை அம்மாவோட வாறன். அதுவரைக்கும் இஞ்ச கிடக்கட்டும்."