புயலுக்குப் பின் கிராமச் சாலைகள்: பழுது பார்த்தலும் பலப்படுத்தலும்

விளைந்த நெல் களம் சேர்ந்தாலன்றி அதை விளைச்சல் என்று சொல்வதற்கில்லை. களம் சேர்ந்த நெல்லும் கொள்முதல் நிலையத்தை அடைந்தாலன்றிக் குடியானவருக்குக் காசாவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே கிடப்பது கிராமச் சாலை. புயல் அடித்த ஆண்டில், வயலில் தப்பிய பயிரும் சாலை அறுபட்டமையால் விலை கெட்டுப் போவதுண்டு. ஆகையால் சாலை மராமத்து என்பது பொறியாளர்களுக்கு மாத்திரம் உரிய விஷயமன்று. நிலமுடைய ஒவ்வொருவரும், கிராம நிர்வாகத்தில் பொறுப்புள்ள ஒவ்வொருவரும் அதன் காரணகாரியங்களை அறிந்திருத்தல் அவசியம்.

இரு புயல்கள் காட்டியவை

2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியுமுன் ‘கஜா’ என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் வீசிய அக்காற்று நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களை முறித்தது. மரங்களும் கம்பங்களும் சாலைகளின் குறுக்கே விழுந்து கிடந்தமையால் பல கிராமங்களுக்குள் நாட்கணக்கில் வண்டி புக முடியவில்லை.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. இதில் காற்றைவிட மழையே கொடிதாயிருந்தது. விழுப்புரம் ஜில்லா மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்த இரு நாட்களில் தென்பெண்ணை பெருகிற்று. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேற்பட்ட நீர் வெளியேற்றப்பட்டது. விழுப்புரத்தை அடுத்த அரசூரில் மலட்டாற்று வெள்ளம் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையின் மீதே பாய்ந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டது. அகன்று உயர்ந்த பெருஞ்சாலையின் கதி இதுவானால், வயல் மட்டத்துக்கு இரண்டடி உயரமும் இல்லாத கிராமச் சாலையின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

முதற்புயல் காற்றின் வலிமையையும், இரண்டாவது நீரின் வலிமையையும் காட்டின. எனினும் சாலையைப் பொறுத்தமட்டில் இரண்டும் ஒரே வழியில்தான் கேடு செய்கின்றன. காற்று தொடங்கும் வேலையை நீரே முடிக்கிறது. சாலை ஓரத்துப் புளியோ வாகையோ வேரோடு பெயரும்போது, வேர்ப்பந்து மண்ணை வாரிக்கொண்டு எழுகிறது. அவ்விடத்தில் ஆளுயரப் பள்ளம் ஒன்று உண்டாகிறது. மரத்தை அறுத்து அகற்றியவுடன் வழி திறந்துவிட்டதென்று எல்லோரும் மகிழ்வர்; பள்ளமோ அப்படியே நிற்கும். அதில் தேங்கும் மழைநீர் தார்த் தளத்தின் அடியே ஊறிச் செல்லும். ஒரு மாதம் கழித்துப் பாரவண்டி ஒன்று போகும்போது தளம் அமுங்கும். அப்போது பழி வண்டியின் மேல் விழுமேயன்றிப் பள்ளத்தின் மேல் விழுவதில்லை.

சாலையைத் தாங்குவது எது?

தாரும் ஜல்லியுமே சாலை என்று எண்ணுவது பொதுவான தவறு. ஸ்காட்லாந்தில் 1756-ஆம் ஆண்டு பிறந்து, 1816-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளுக்குத் தலைமை மேற்பார்வையாளரான ஜான் லவுடன் மக்காடம் என்பவர் இத்தவற்றை முதன்முதல் தெளிவாய் எடுத்துக் காட்டினார். வண்டியின் பாரத்தை முடிவில் தாங்குவது இயற்கையான அடிமண்ணே. அம்மண் உலர்ந்திருக்கும்வரை எவ்வளவு பாரத்தையும் தாங்கும். மேலே பரப்பும் கல், அம்மண்ணுக்கு நீர் புகாமல் காக்கும் கூரை போன்றது என்பதே அவர் கொள்கை. ‘மக்காடம்’ என்ற அவர் பெயரே ஜல்லிச் சாலைக்கு வழங்கும் பெயராயிற்று.

காவிரிப் படுகையின் களிமண்ணுக்கு இவ்வுண்மை இரட்டிப்பாய்ப் பொருந்தும். அம்மண் கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். மழையில் உப்பி இளகும். உலர்ந்தபோது நெல் லாரியைத் தாங்கிய அதே மண், ஊறியபோது மாட்டுவண்டியையும் தாங்காது. ஆதலின் புயலுக்குப் பின் மேலே ஜல்லியை மாத்திரம் கொட்டி உருட்டுவது, ஒழுகும் கூரையின் கீழ் நனைந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதை ஒக்கும். நீருக்கு வழி விடுவதே முதல் மராமத்து. கல் போடுவது அதற்குப் பின்.

முதல் சில நாட்களில் செய்யத் தக்கவை

முதலாவது, விழுந்த மரங்களை அறுத்து ஒரு வண்டிப் பாதையையேனும் திறத்தல். அறுந்த மின்கம்பி கிடக்குமிடத்தில், மின்சாரம் நிறுத்தப்பட்டதென்று மின்வாரியத்தார் உறுதி கூறுமுன் மரத்தைத் தொடலாகாது. அறுத்த கிளைகளைப் பக்கக்கால்வாயில் தள்ளாமல் அப்பால் அகற்ற வேண்டும். கால்வாயை அடைத்துப் பாதையைத் திறப்பதால் பயனில்லை.

இரண்டாவது, தேங்கிய நீரை வடித்தல். சாலையின் ஒருபுறம் நீர் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் நின்றால், சிறுபாலத்தின் கண் அடைபட்டிருக்கிறதென்று அறியலாம். சருகு, வைக்கோல், ஆகாயத்தாமரை ஆகியவற்றை நீக்கினாலே பெரும்பாலும் வடிந்துவிடும். நீர் அடைபட்டு நிற்கும்போது சாலையை வெட்டிவிடுவது சிலரின் வழக்கம். அவ்வெட்டு மணிக்கணக்கில் பல மீட்டர் அகன்றுவிடும். வெட்டினவர் ஊரே பிறகு தீவாகிவிடும்.

மூன்றாவது, உடைப்பு உண்டான இடத்தைத் தற்காலிகமாய்க் காத்தல். சவுக்குக் கட்டைகளை இரு வரிசையாய் அடித்து, நடுவே மணல் மூட்டைகளைச் செங்கல் அடுக்குவது போல் மூட்டுக்கு மூட்டு மாற்றி அடுக்கினால் கரை மேலும் அரிக்கப்படாது. சாய்ந்த தென்னையின் அடிமரமும் இதற்கு உதவும்.

நான்காவது, பாரவண்டிகளைச் சில நாள் நிறுத்தி வைத்தல். அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரிய சாலைச் சோதனையில், அச்சின் மேல் ஏறும் பாரம் இரட்டித்தால் சாலைக்கு உண்டாகும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்று கண்டார்கள். நன்னிலையிலுள்ள சாலைக்கே இக்கணக்கு. ஊறிக் கிடக்கும் சாலையில் 20 டன் லாரி ஒன்றை விடுவதைவிட, அதே சுமையைச் சிறு வண்டிகளில் பகிர்ந்து அனுப்புவது ஊருக்கு லாபம்.

நிலையான மராமத்து

மழைக்காலம் கழிந்து மண் உலர்ந்த பின்னரே நிலையான வேலை தொடங்க வேண்டும். மரம் பெயர்ந்த பள்ளத்தையும் உடைப்பையும் சேற்றோடு மூடலாகாது. சேறு, வேர், சருகு முழுவதையும் வாரி எறிந்து, கெட்டி மண் தெரியும்வரை தோண்டி, பக்கங்களைப் படிப்படியாய் வெட்டிக்கொள்ள வேண்டும். அப்படிகளின் மேல் புது மண் பழைய மண்ணோடு பிணையும். ஒரு முறைக்கு 20 சென்டிமீட்டர் கனத்துக்கு மேற்படாமல் மண்ணைப் பரப்பி, அளவாய் நீர் தெளித்து, உருளையாலோ திமிசாலோ கெட்டித்து, பிறகே அடுத்த அடுக்குப் போட வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாகி விரலில் ஒட்டாமலிருக்கும் ஈரமே தக்க ஈரம். ஒரே தடவையில் கொட்டி மேலே உருட்டிய மண், அடுத்த மழையில் இறங்கிவிடும்.

களிமண் மிகுந்த இடங்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுண்ணாம்பு கலந்து கெட்டித்தால் மண் உப்புவது குறையும். கரையின் பக்கச் சரிவு, ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலமாவது இருத்தல் நலம். அச்சரிவில் அறுகம்புல்லும் வெட்டிவேரும் நட்டால் மண் அரிப்பு நிற்கும். வெட்டிவேர் பக்கவாட்டில் பரவாமல் ஆழ்ந்து இறங்குவதால் அடுத்த வயலுக்குத் தொல்லை தராது.

மேல்தளத்தின் நடு உயர்ந்தும் இரு ஓரங்கள் தாழ்ந்தும் இருக்க வேண்டும். 3.75 மீட்டர் அகலமுள்ள தார்ச்சாலையில் நடு, ஓரத்தைவிட 6 முதல் 7 சென்டிமீட்டர் உயர்ந்திருத்தல் தகும்; கிராவல் சாலைக்கும் மண் சாலைக்கும் இன்னும் சற்று அதிகம் வேண்டும். ஒரு குடம் நீரை நடுவில் ஊற்றி, அது தயங்காமல் ஓரத்துக்கு ஓடுகிறதா என்று எவரும் சோதிக்கலாம். தளத்தின் இருபுறமும் உள்ள மண் ஓரத்துக்குப் ‘புருவம்’ என்று பெயர். புருவம் தளத்தைவிட மேடாகிவிட்டால் நீர் சாலையிலேயே நிற்கும். புதுத் தளம் போடும்போது பலரும் மறப்பது இதுவே.

பாலங்களும் மதகுகளும்

ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் உடைப்பு உண்டானால், சாலை அங்கே ஒரு வழியைக் கேட்கிறது என்று கொள்ள வேண்டும். அவ்விடத்தை மண்ணால் அடைப்பது வீண். சிறுபாலம் கட்டுவதே முறை. சிமெண்டுக் குழாய் பதிப்பதாயின் ஓர் ஆள் மண்வெட்டியுடன் சுத்தம் செய்யத்தக்க விட்டமுள்ளதாய்ப் பதிக்க வேண்டும். சிறு குழாய் விலையில் மலிவு. ஆயின் இரண்டு பருவத்தில் தூர்ந்துவிடும். குழாயின் மேல் 60 சென்டிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் மண் இருத்தல் வேண்டும். நீர் விழும் புறத்தில் கல் பாவாவிட்டால் அடிமண் அரிக்கப்பட்டுப் பாலம் முழுதும் சாயும்.

பெருவெள்ளம் சில நாள் மாத்திரம் ஓடும் இடங்களில் தரைப்பாலமே தக்கது. வெள்ளம் அதன் மேல் ஓடி வடியும்; சாலை அறுபடாது. அதன் இருகரையிலும் நீரின் ஆழம் காட்டும் அளவுக்கற்கள் நாட்டுதல் அவசியம்.

காவிரிப் பாசன வாய்க்கால்களின் குறுக்கே உள்ள பாலங்களுக்குக் காலம் ஒரு கண்டிப்பு. மேட்டூர் அணை வழக்கமாய் ஜனவரி 28-ந் தேதி மூடப்பட்டு ஜூன் 12-ந் தேதி திறக்கப்படுவது. வாய்க்கால் வறண்டிருக்கும் அந்நாலரை மாதமே அஸ்திவார வேலைக்கு உரிய காலம். கார்த்திகையில் உடைந்த பாலத்துக்கு மதிப்பீடு மாசிக்குள் தயாராகாவிட்டால், வேலை ஓர் ஆண்டு தள்ளிப் போகும். அடுத்த வடகிழக்குப் பருவமழையையும் அதே உடைந்த பாலம் சந்திக்க நேரும்.

குடியானவர் கவனிக்க வேண்டியவை

சாலையைக் கெடுப்பது புயல் மாத்திரமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். புருவத்தை ஒரு சாண் உழுது வயலோடு சேர்ப்பதும், தண்ணீர் தேக்குவதற்காகச் சிறுபாலத்தின் கண்ணில் மண் மூட்டை வைப்பதும், குழாய் கொண்டுபோகச் சாலையைக் குறுக்கே வெட்டிக் கெட்டிக்காமல் மூடுவதும், சேற்றுழவுக்கான கேஜ் வீலைக் கழற்றாமல் தார்ச்சாலையில் டிராக்டர் ஓட்டுவதும் பல ஊர்களில் காணும் காட்சிகள். இவை ஒவ்வொன்றும் சிறிது. ஆயின் புயல் வரும்போது உடைப்பு உண்டாவது பெரும்பாலும் இவ்விடங்களிலேயே. ஒரு சாண் நிலத்தால் கிடைக்கும் நெல், அறுவடையின்போது ஒரு நாள் லாரி வராமல் போவதால் உண்டாகும் நஷ்டத்துக்கு ஈடாகாது.

ஐப்பசி பிறக்குமுன் தத்தம் வயலை அடுத்த பக்கக்கால்வாயை அவரவரே தூர்வாரிக்கொண்டால் ஒருவருக்கு அரைநாள் வேலைக்கு மேல் ஆகாது.

கிராம அதிகாரிகள் எழுத வேண்டிய கணக்கு

மராமத்துக்குப் பணம் ஒதுக்கப்படுவது கணக்கைக் கொண்டே. ‘சாலை பலத்த சேதம்’ என்று எழுதிய மனுவைவிட, அளவோடு எழுதிய ஒரு தாள் விரைவில் பலன் தரும். முதலாவது, சாலை யாருடையது என்று தெளிதல் வேண்டும். மாநில நெடுஞ்சாலை, ஜில்லா முக்கியச் சாலை, இதர ஜில்லாச் சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் உள்ளாட்சியைச் சேர்ந்தவை. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலையாயின், முடிந்த நாளிலிருந்து 5 ஆண்டு வரை பராமரிப்பு ஒப்பந்தக்காரர் பொறுப்பு; இதைக் கேட்டுப் பெறாமல் விடுவோர் பலர்.

அடுத்து, உடைப்பின் நீளம், சராசரி அகலம், ஆழம், கிலோமீட்டர் கல்லிலிருந்து உள்ள தூரம், நீர் பாய்ந்த திசை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். உதாரணமாக, 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள உடைப்புக்கு 108 கன மீட்டர் கெட்டித்த மண் வேண்டும். தளர்ந்த மண் கெட்டிக்கும்போது சுருங்குமாதலால் ஏறக்குறைய 130 கன மீட்டர் கொண்டுவர நேரும். நீர் வடிந்த உடனே புகைப்படம் எடுத்து வைப்பதும் நலம்.

யாவற்றினும் முக்கியமானது வெள்ள மட்டம். கோயில் மதில், பள்ளிக்கூடச் சுவர், பாலத்தின் கைப்பிடி ஆகிய நிலையான இடங்களில், வெள்ளம் நின்ற உயரத்தை வண்ணத்தால் கோடிட்டு ஆண்டையும் தேதியையும் எழுதி வைக்க வேண்டும். சாலைக் கரையைப் பெருவெள்ள மட்டத்துக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டராவது உயரமாய் அமைப்பது பொறியாளர் வழக்கம். அந்த மட்டம் எதுவென்று ஊரார் காட்டாவிட்டால், அவர் ஊகித்தே உயரம் வைக்க நேரும். சில மாதங்களில் சேற்றுக்கறை மறையும், பத்து ஆண்டில் நினைவும் மறையும், கோடு நிற்கும்.

புயலைத் தடுப்பது மனிதர் சக்தியில் இல்லை. ஆனால் அடுத்த புயலின் நீர் எங்கே நிற்கும், எவ்வழியே போகும் என்பதை ஒவ்வொரு ஊராரும் முன்கூட்டியே அறிவர். அவ்வழியைத் திறந்து வைத்த ஊரின் சாலை நனையும், அறுபடாது. தை மாதத்தில் அவ்வூர் நெல் கொள்முதல் நிலையத்துக்குத் தடையின்றிப் போய்ச் சேரும்.