பின்கதவைத் திறந்து பாருங்கள்



வாகனம் வாங்குவது ஆண்களின் அலுவல் என்று எங்களில் பலர் இன்னும் ஒதுங்கியே நிற்கின்றோம். கணவரை இழந்தவர்களும், கணவர் இருந்தும் அவரால் உழைக்க முடியாத நிலையில் இருப்பவர்களும் கூட, பாடுபட்டுச் சேர்த்த காசை மச்சானிடமோ மருமகனிடமோ கொடுத்து, "நீங்களே பார்த்து ஒன்றை எடுத்துத் தாங்கோ" என்று சொல்லிவிடுகின்றோம். அவர் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்பார், வெளிப்பூச்சைப் பார்ப்பார். எங்கள் மூட்டை அதில் ஏறுமா என்று பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

நான் திரியாயைச் சேர்ந்தவள். இப்போது புல்மோட்டையில் இருந்து கருவாட்டு வியாபாரம் செய்கின்றேன். எங்கள் குழுவில் ஐந்து பெண்கள் இருக்கின்றோம். மூவர் புல்மோட்டை முஸ்லிம் சகோதரிகள், இருவர் தமிழர். சீட்டுப் பிடித்தும் குழுச் சேமிப்பில் இருந்தும் ஐவரும் சேர்ந்து ஒரு பழைய வேகன் வாங்கினோம். அதனை எப்படித் தெரிவு செய்தோம் என்பதை, இதே யோசனையில் இருக்கும் சகோதரிகளுக்காக எழுதுகின்றேன்.

ஏன் வேகன்?

வெளியூராருக்குப் புல்மோட்டை என்றால் இல்மனைற் மணல்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கோ சோறு போடுவது கடல். இங்கிருந்து திருகோணமலைக்குக் குச்சவெளி, நிலாவெளி ஊடாகச் சுமார் 55 கிலோமீற்றர். போருக்குப் பின்னர் பாலங்கள் கட்டப்பட்டு வீதி திருந்திவிட்டது. ஆனால் கருவாட்டுச் சாக்குடன் பஸ்ஸில் ஏறினால் நடத்துநரும் முகம் சுளிப்பார், பக்கத்தில் இருப்பவரும் முகம் சுளிப்பார். லொறி பிடித்தால் இலாபம் வாடகைக்கே போய்விடும்.

எங்களுக்கு இன்னொரு தேவையும் இருந்தது. 2009 மார்ச்சில் இந்திய மருத்துவக் குழுவினர் புல்மோட்டையில் ஓர் அவசர வைத்தியசாலையை அமைத்தார்கள். புதுமாத்தளனில் இருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் கப்பலில் வந்த காயக்காரர்கள் இங்கே இறக்கப்பட்டார்கள். எங்கள் குழுவில் உள்ள சகோதரி ஒருவரின் மகனும் அப்படி வந்தவன்தான். அன்று அவன் சிறுபிள்ளை, இன்று இளைஞன். முள்ளந்தண்டில் பட்ட காயத்தால் சக்கர நாற்காலியில் இருக்கின்றான். மாதம் ஒருமுறை அவனைத் திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

முச்சக்கர வண்டி ஊருக்குள் ஓட நல்லது. ஆனால் 55 கிலோமீற்றருக்குச் சாக்கும் நாற்காலியும் ஆளும் அதில் போக முடியாது. 'பட்டா' என்று நாம் சொல்லும் சிறிய லொறியில் சாமான் நிறைய ஏறும். ஆனால் முன்னால் சாரதியும் இன்னொருவரும் மட்டுமே இருக்கலாம். நோயாளியைப் பின்னால் ஏற்றுவதா? வான் இரண்டுக்கும் பொருந்தும். அதன் விலையும் செலவும் எங்களுக்குப் பொருந்தவில்லை. இவற்றுக்கு நடுவில் நிற்பதுதான் வேகன். முன்பாதி காரைப் போலவும், கூரை பின்புறம் வரை நீண்டு அகலக் கதவுடனும் இருக்கும். புகையிரத நிலையத்தில் இருந்து பயணிகளையும் அவர்களின் பெட்டிகளையும் சேர்த்து ஏற்றியதால்தான் அமெரிக்காவில் இதற்கு 'ஸ்ரேஷன் வேகன்' என்று பெயர் வந்தது.

முதலில் சுமையை அளவுங்கள்

வாகனம் பார்க்கப் போவதற்கு முன், நீங்கள் எதனை ஏற்றப் போகின்றீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாங்கள் எழுதியது இது: 25 கிலோ கருவாட்டுச் சாக்கு எட்டு, அதாவது 200 கிலோ. மடித்த சக்கர நாற்காலி ஒன்று, ஏறக்குறைய 18 கிலோ. சாரதி, ஒரு வியாபாரி, நோயாளி என மூன்று பேர். திரும்பி வரும்போது அரிசி, மா, 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர்.

பிறகு தையல் நாடாவால் நாற்காலியை அளந்தோம். மடித்த பின் நீளம் ஒரு மீற்றருக்குக் கிட்ட, உயரம் 90 சென்ரிமீற்றர், தடிப்பு ஓர் அடி. நாடாவை மட்டும் நம்பாமல் நாற்காலியையே விற்பனை இடத்துக்குக் கொண்டுபோனோம். விற்பவர் சிரித்தார். எங்கள் மூத்த ராத்தா, "தம்பி, கதவைத் திறவுங்க" என்று மட்டும் சொன்னார்.

முதலில் பார்த்த வாகனம் பளபளவென்று இருந்தது. விலையும் எங்களுக்குக் கட்டும்படி இருந்தது. கூட வந்த உறவினர் அதையே எடுக்கச் சொன்னார். ஆனால் அதன் பின்கண்ணாடி கூடுதலாகச் சாய்ந்திருந்தது. நாற்காலி உள்ளே போனது, கதவு சாத்தவில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டோம். ஆகவே இடத்தின் நீளத்தை மட்டும் பாராமல் கதவு வாயின் உயரத்தையும் அகலத்தையும் பாருங்கள். கதவடி நிலத்தில் இருந்து எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். 25 கிலோச் சாக்கை இடுப்புக்கு மேல் தூக்க வேண்டியிருந்தால் சில மாதங்களில் நாரி பிடித்துவிடும். பின் ஆசனத்தை மடித்தால் தளம் மட்டமாக வருகின்றதா, பாதி ஆசனத்தை மட்டும் மடிக்கலாமா என்பதும் முக்கியம். பாதி மடிந்தால் ஒரு பக்கம் சாக்கும் மறுபக்கம் ஆளும் போகலாம்.

எந்த வேகன்?

எங்கள் ஊர்களில் அதிகம் ஓடுபவை ஜப்பானிய வேகன்கள். 1980களில் வந்த டொயோட்டா டி.எக்ஸ். வேகன் இன்றும் ஓடுகின்றது. பின்சில்லில் இழுவையும், தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்கும் உள்ளதால் சுமை தாங்கும். எந்தக் கராஜிலும் திருத்துவார்கள். ஆனால் அதற்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. அடுத்தது பல தலைமுறை கண்ட நிசான் ஏ.டி. வேகன். அதற்குப் பின் 2002இல் வந்த டொயோட்டா புரொபொக்ஸ். சுமார் 4.2 மீற்றர் நீளமான சிறிய வாகனம்தான். பின் ஆசனத்தை மடித்தால் 1.8 மீற்றர் அளவு நீளத்துக்குச் சாமான் வைக்கலாம். அதன் சரக்கு ரகத்தில் இருவர் மட்டும் போனால் 400 கிலோவும், ஐவர் போனால் 250 கிலோவும் ஏற்றலாம் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. ஆள் கூடினால் சுமை குறைய வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஒரே பெயரில் ஒரே தோற்றத்தில் இரண்டு ரகங்கள் வந்திருக்கும். ஒன்று ஆட்களுக்கானது, மற்றது சரக்குக்கானது. சரக்கு வாகனமாகப் பதிவதற்கு, ஆள் இருக்கும் இடத்தை விடச் சாமான் வைக்கும் இடம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். அதனால் சரக்கு ரகத்தில் பின் ஆசனம் மெல்லியதாக, நிமிர்ந்து, ஒடுக்கமாக இருக்கும். சாக்குக்கு அது நல்லது, வயதான தாய்க்கு நல்லதல்ல. ஆகவே பின் ஆசனத்தில் நீங்களே கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள்.

2011இல் வந்த ஹொண்டா ஃபிற் ஷட்டில் போன்ற கலப்பின வேகன்களில் எண்ணெய்ச் செலவு குறைவு. ஆனால் அதன் பெரிய பற்றரி பழுதானால் செலவு அதிகம். சில கலப்பின வாகனங்களில் பின் ஆசனத்தின் பக்கத்தில் பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரம் உண்டு. அதனைச் சாக்கு மூடினால் பற்றரி சூடேறும். மணல் ஒழுங்கைகளில் தாழ்ந்த வாகனங்களின் அடி தட்டவும் கூடும்.

எண்ணெய்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். போய்வர 110 கிலோமீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடினால் ஒன்பது லீற்றருக்கு மேல் வேண்டும். 15 ஓடினால் ஏழரை லீற்றர் போதும். கிழமைக்கு இரண்டு பயணம் என்றால் மாதத்தில் ஏறத்தாழ 15 லீற்றர் வித்தியாசம். 2022 ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதையும், கியூ.ஆர். முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் கிடைத்ததையும் நாங்கள் மறக்கவில்லை.

கறளைத் தேடுங்கள்

கடலோரத்தில் வாகனத்துக்கு எமன் கறள்தான். உப்புக்காற்று வெளியில் இருந்து தின்னும், கருவாட்டு உப்பும் மீன் தண்ணீரும் உள்ளே இருந்து தின்னும். பின்தளத்தின் விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். மேலதிகச் சில்லு இருக்கும் குழியைப் பாருங்கள். கதவடிகளையும் சில்லின் மேல் வளைவுகளையும் விரலால் தட்டிப் பாருங்கள். புதிதாகப் பூச்சு அடித்திருந்தால் அதன் கீழே என்ன இருக்கின்றது என்று கேளுங்கள். விற்பவருக்கு அறிமுகமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்துக் கூட்டிச் செல்லுங்கள். அந்தக் கூலி வீண் செலவல்ல. சாமானும் ஆட்களும் ஏற்றி, ஏற்றத்தில் ஓட்டி, பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். வெறும் வாகனம் எப்போதும் நன்றாகத்தான் ஓடும்.

புத்தகம் யார் பெயரில்?

இரண்டாவதாகப் பார்த்த வாகனத்தை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் வாகனத்தில் பொறித்திருந்த செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் இருந்த செசி இலக்கமும் ஒன்றாக இல்லை. "அது எழுத்துப் பிழை, பிறகு திருத்தலாம்" என்றார்கள். திருத்திய பின் வருகின்றோம் என்று சொல்லி வெளியே வந்தோம்.

செசி இலக்கம், இயந்திர இலக்கம், உரிமையாளரின் பெயர், வாகனத்தின் வகுப்பு ஆகிய நான்கையும் நீங்களே வாசியுங்கள். லீசிங் கடன் உள்ள வாகனமாயின் 'முற்று உரிமையாளர்' என்று நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்தக் கடன் தீராமல் முழுக்காசையும் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றாமல் வெறுந்தாளில் கையொப்பம் வாங்கி ஓடும் 'ஓப்பன் பேப்பர்' பழக்கமும் வேண்டாம். பழைய உரிமையாளர் இறந்தால் அல்லது வெளிநாடு போனால் நீங்கள் அலைய வேண்டி வரும்.

எல்லாவற்றிலும் பெரிது இது. காசு உங்களுடையது என்றால் பெயரும் உங்களுடையதாக இருக்கட்டும். ஓட்டுபவர் ஆண் என்பதால் அவர் பெயரில் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தன் காசில் வாங்கிய வாகனத்தில் ஏறுவதற்கு மைத்துனரிடம் அனுமதி கேட்டு நிற்கும் விதவைகளை நான் அறிவேன். நாங்கள் எங்களில் ஒருவர் பெயரில் பதிந்தோம். மற்ற நால்வரின் பங்கையும், ஒருவர் விலகினால் எப்படிக் கணக்குத் தீர்ப்பது என்பதையும் சட்டத்தரணி முன்னிலையில் எழுதிக் கையொப்பம் இட்டோம். நட்பு கெடாமல் இருக்கத்தான் எழுத்து.

எங்களில் இருவர் இலகு வாகனத்துக்கான சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்தோம். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். பிறர் சாமானையோ ஆட்களையோ வாடகைக்கு ஏற்றுவதாயின் அதனைக் காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிப் பதியுங்கள். சொல்லாமல் ஓடி விபத்து நேர்ந்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

கடன்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும் அதிக வரி காரணமாக எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய வாகனம்தான் வழி. ஆகவே ஒருவர் சொல்லும் விலையை நம்பாமல் மூன்று நான்கு இடங்களில் விசாரியுங்கள்.

லீசிங் எடுப்பதாயின் மாதத் தவணையை மட்டும் கேட்காதீர்கள். கடைசி வரை கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தவணை தவறினால் வாகனத்தை எடுத்துச் செல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. சோளகக் காற்றும் வாடைக்காற்றும் மாறும் எங்கள் தொழிலில் பன்னிரண்டு மாதமும் ஒரே வருமானம் இல்லை. தொழில் குறைந்த மாதத்தில் கட்டக்கூடிய தொகைதான் உங்கள் தவணை. குழந்தையின் நகையையும் வீட்டு உறுதியையும் வாகனத்துக்காக ஈடு வைக்காதீர்கள். காசு போதாதென்றால் பழைய மாதிரியை எடுங்கள், அல்லது எங்களைப் போலக் கூடி வாங்குங்கள்.

ஏற்றும் முறை

நாங்கள் கடைசியில் எடுத்தது 1990களின் நிசான் ஏ.டி. வேகன். பூச்சு மங்கல், இருக்கை உறை கிழிசல். ஆனால் நாற்காலி ஏறியது, கதவு சாத்தியது, இலக்கங்கள் ஒத்திருந்தன.

பாரமான சாக்குகளைப் பின் ஆசனத்தோடு ஒட்டிக் கீழே அடுக்குகின்றோம். கதவோரத்தில் பாரம் வைத்தால் முன்சில்லின் பிடி குறையும். ஆசனத்தின் முதுகுக்கு மேல் எதனையும் அடுக்குவதில்லை. சடுதியாகப் பிரேக் பிடித்தால் அது முன்னால் இருப்பவரின் பிடரியில் வந்து விழும். சிலிண்டரை நிமிர்த்திக் கட்டுகின்றோம். தளத்தில் தடித்த தார்ப்பாய் விரித்து, ஒவ்வொரு பயணத்தின் பின்னும் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுகின்றோம். கிளினிக் நாளில் கருவாடு பாதிதான். ஆளுக்குத்தான் முதலிடம் என்பது எங்கள் ஒப்பந்தத்தில் எழுதிய முதலாவது விதி.

சகோதரிகளே, வாகனம் பார்க்கப் போகும்போது கூட்டத்தின் பின்னால் நிற்காதீர்கள். உங்கள் சுமை எவ்வளவு என்று உங்களை விட நன்றாகத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஒரு நாடா, ஒரு தாள், அறிமுகமான ஒரு மெக்கானிக், கூட வர ஒரு தோழி, இவை போதும். பின்கதவைத் திறந்து பாருங்கள், புத்தகத்தையும் திறந்து பாருங்கள். அதன் பின்னரே பணப்பையைத் திறவுங்கள்.