இறகில் பிறக்கும் மீன்குஞ்சு

பவாய் ஏரிக்கு நான் புழு கொண்டுபோவதில்லை. தாராவிக் கோழிக்கடையின் வெள்ளை இறகும், மாட்டுங்கா ஜவுளிக்கடையின் வெள்ளி ஜரிகையும் போதும். நீண்ட தூண்டில் முள்ளில் இறகை வாலாகக் கட்டி, ஜரிகையை உடம்பாகச் சுற்றி, நூலால் இறுக்கினால் 'ஸ்ட்ரீமர்' தயார். விட்டுவிட்டு இழுத்தால் அடிபட்ட மீன்குஞ்சாகத் துடிக்கும். விரால் ஏமாந்து கவ்வும்.

1873இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதிய எச்.எஸ். தாமஸ் மதராஸ் மாகாண அதிகாரி. அவர் போற்றியது மஹ்சீர் மீனை. அந்தக் குடும்பத்தில் நம் காவிரியின் கூன்முதுகு மஹ்சீர், அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆகவே முள்ளின் நுனிச் செதிலைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன். மீனைத் தண்ணீரிலேயே அதிகக் காயமின்றிக் கழற்றலாம். பிள்ளைகளுக்குப் பிடிக்கக் கற்றுத்தரும்போதே விடவும் கற்றுத்தருவோம்.