ஆலை மூடினால் பெட்ரோல் விலை ஏறுமா?

அப்பாவோடு பெட்ரோல் பங்க்குக்குப் போயிருப்பீர்கள். மீட்டரில் ஒரு பக்கம் லிட்டர், மறுபக்கம் ரூபாய் என்று எண்கள் கிடுகிடுவென ஓடும். அந்த விலைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று யோசித்தது உண்டா? அதைத் தெரிந்துகொள்ள இன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்குப் போய் வருவோம், வாருங்கள். அந்த நாட்டிலேயே பெட்ரோல் விலை மிக அதிகமாக இருக்கும் மாநிலங்களில் அதுவும் ஒன்று.

கறுப்பு எண்ணெயும் கோபுரமும்

பூமிக்கு அடியிலிருந்து கிடைப்பது கச்சா எண்ணெய். பிசுபிசுவென்று கறுப்பாக இருக்கும். அதை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. சுத்திகரிப்பு ஆலையில் அதை நன்றாகச் சூடாக்கி, உயரமான கோபுரத்துக்குள் அனுப்புவார்கள். லேசான ஆவி மேலே போய்க் குளிரும். அதிலிருந்து பெட்ரோல் கிடைக்கும். நடுப்பகுதியில் மண்ணெண்ணெயும் டீசலும் பிரியும். அடியில் தங்கும் கெட்டிப் பொருளிலிருந்து தார் வரும்.

எதிரி யார்?

1943-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒருநாள், கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. எல்லோருக்கும் கண் எரிச்சல், இருமல். இரண்டாம் உலகப்போர் நடந்த நேரம் அல்லவா? எதிரிகள் விஷவாயு வீசிவிட்டார்களோ என்று மக்கள் பயந்துபோனார்கள்!

ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் 1950-களின் தொடக்கத்தில் உண்மையைக் கண்டறிந்தார். வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வினைபுரிந்து உண்டாக்கிய நஞ்சுதான் அது. எதிரி வெளியிலிருந்து வரவில்லை. ஊருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தான்!

அதன்பின் மாநில அரசு சும்மா இருக்கவில்லை. காற்றைக் காக்க 1967-இல் தனி வாரியம் அமைத்தது. 1996 முதல், குறைவாக மாசு உண்டாக்கும் தனி வகைப் பெட்ரோலைத்தான் விற்கவேண்டும் என்றது. காற்று நன்றாகவே சுத்தமானது. ஆனால், அந்தப் பெட்ரோலைத் தயாரிக்கச் செலவு அதிகம்.

மாவு மில் கணக்கு

ஒரு கிராமத்தில் மூன்று மாவு மில்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஊரார் நைஸாகச் சலித்த மாவைத்தான் வாங்குவார்கள். பக்கத்து ஊர் மில்களில் அப்படி அரைப்பதில்லை. போய்வர நல்ல சாலையும் இல்லை. ஒருநாள் ஒரு மில் மூடிவிட்டால்? மற்ற இரண்டிலும் வரிசை நீளும், கூலியும் ஏறும்!

கலிபோர்னியாவின் நிலையும் இதுதான். அதன் கிழக்கே மலைகளும் பாலைவனமும் உள்ளன. அங்கிருந்து நெவாடா, அரிசோனா மாநிலங்களுக்குப் பெட்ரோல் குழாய்கள் போகின்றன. ஆனால், மற்ற மாநிலங்களின் ஆலைகளிலிருந்து உள்ளே பெட்ரோல் கொண்டுவரும் குழாய் கிடையாது. பற்றாக்குறை வந்தால் தென்கொரியா போன்ற தூர நாடுகளிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். அதற்குப் பல வாரம் ஆகும். 2015 பிப்ரவரியில் டோரன்ஸ் நகர ஆலையில் வெடிவிபத்து நடந்ததும், அந்த மாநிலத்தில் பெட்ரோல் விலை சட்டென்று உயர்ந்தது.

வரி எவ்வளவு?

அமெரிக்காவில் பெட்ரோலைக் கேலன் கணக்கில் விற்பார்கள். ஒரு கேலன் என்பது சுமார் 3.8 லிட்டர். அதற்கு மத்திய அரசின் வரி 18.4 சென்ட். 1993-க்குப் பிறகு அது உயர்த்தப்படவே இல்லை. கலிபோர்னியா மாநில வரியோ விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஜூலையில் மாறும். 2025 ஜூலையில் அது 61.2 சென்ட் ஆனது. இரண்டையும் கூட்டுங்கள் பார்க்கலாம். 79.6 சென்ட்! இது போக விற்பனை வரியும், சுற்றுச்சூழல் திட்டங்களுக்கான செலவும் உண்டு. எரிபொருள் வரிப்பணத்தில்தான் சாலைகளையும் பாலங்களையும் பழுதுபார்க்கிறார்கள். மின்சாரக் கார்கள் பெருகினால் பெட்ரோல் விற்பனை குறையும். சாலைக்கான பணமும் குறையும். அதனால்தான் 2020 முதல் புது மின்சாரக் கார்களுக்கும் ஆண்டுக் கட்டணம் வைத்தார்கள்.

இரண்டு ஆலைகள்

லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இருந்த தன் ஆலையை மூடப்போவதாக பிலிப்ஸ் 66 நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. பெனிசியா நகர ஆலையின் இயக்கத்தை 2026 ஏப்ரலுக்குள் நிறுத்தப்போவதாக வலேரோ நிறுவனம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. இரண்டும் சேர்ந்தால் அப்போதைய மாநிலத்தின் மொத்தச் சுத்திகரிப்புத் திறனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு!

'பெட்ரோல் தேவை குறைகிறது, சட்டங்களோ கடுமையாகின்றன' என்பது ஆலைக்காரர்கள் பக்கம். 'தட்டுப்பாட்டைக் காட்டி அளவுக்கு மீறி லாபம் பார்க்கிறார்கள்' என்பது அரசின் குறை. லாபத்துக்கு வரம்பு கட்ட 2023-இல் அரசு சட்டமே கொண்டுவந்தது. ஆனால் ஆலைகள் மூடப்படும் செய்தி வந்ததும், 2025 ஆகஸ்டில் அந்த வரம்பை ஐந்து ஆண்டுகளுக்குத் தள்ளிவைத்துவிட்டது!

ஆலைக்கு அருகில் வசிக்கும் சிறுவனுக்கு ஆலை மூடினால் நல்ல காற்று. அங்கே வேலை செய்தவரின் மகளுக்கோ, 'அப்பாவுக்கு இனி எங்கே வேலை?' என்ற கவலை. தினமும் வெகுதூரம் கார் ஓட்டி வேலைக்குப் போகும் ஏழைத் தாய்க்குப் பெட்ரோல் விலை ஏறினால் மாதச் செலவில் துண்டு விழும். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இல்லையா?

நல்ல காற்றும் வேண்டும். கட்டுப்படியாகும் விலையும் வேண்டும். பழைய பாலத்தை இடிப்பதற்கு முன் புதுப் பாலத்தைக் கட்டி முடிப்பதுதானே புத்திசாலித்தனம்? பேருந்து, ரயில், மின்சார வண்டி என்ற புதுப் பாலம் எல்லோருக்கும் எட்டும்படி அமைந்துவிட்டால், ஆலை மூடினாலும் யாருக்கும் வலிக்காது.

அடுத்த முறை பங்க்குக்குப் போகும்போது மீட்டரை உற்றுப் பாருங்கள் குழந்தைகளே. அந்த எண்களுக்குள் ஆலை, கப்பல், சாலை, நாம் சுவாசிக்கும் காற்று எல்லாமே இருக்கின்றன!