பெட்ரோல் தீர்ந்த சிவப்புக் கார்

காதலிக்கு வேறொருத்தனோடு கல்யாணம். நேரம் நெருங்கிவிட்டது. ஹீரோ சிவப்புக் காரில் பறக்கிறான். நம்ம ஊர்ப் படமாக இருந்தால் கார் நேராக மண்டப வாசலில் 'கிரீச்' என்று வந்து நிற்கும். 'நிறுத்துங்க கல்யாணத்தை!' என்று ஒரு குரல் கேட்கும். இந்தப் படத்தில் அந்தக் கொடுப்பினை இல்லை. பாதி வழியிலேயே கார் இருமுகிறது, தயங்குகிறது, நின்றுவிடுகிறது. பெட்ரோல் காலி! மிச்சத் தூரத்தைப் பையன் ஓடியே கடக்கிறான்.

படம், 1967-ல் வந்த 'தி கிராஜுவேட்'. ஓடின பையன் டஸ்டின் ஹாஃப்மன். நின்றுபோன வண்டி ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர்.

ஒரு காருக்கு இதைவிட மோசமான விளம்பரம் வேண்டுமா? ஆனால் நடந்தது நேர்மாறு. அமெரிக்கப் பையன்கள் அத்தனை பேரும் 'வாங்கினால் அந்தக் கார்தான்' என்று ஏங்க ஆரம்பித்துவிட்டார்கள். பிற்பாடு 1980-களில் இந்தக் காரிலேயே விலை குறைந்த மாடல் ஒன்றை அமெரிக்காவில் விட்டபோது, அதற்குக் கம்பெனி வைத்த பெயரே 'கிராஜுவேட்'!

அதே படத்தில் இன்னொரு கூத்து. ஹீரோ சான்பிரான்சிஸ்கோ பே பிரிட்ஜ் வழியாக பெர்க்லிக்குப் போகிறான். அது இரண்டடுக்குப் பாலம். பெர்க்லி போகிற வண்டிகள் கீழடுக்கில் போக வேண்டும். இவன் மேலடுக்கில், எதிர்த் திசையில் போய்க்கொண்டிருப்பான்! கீழே ஓட்டியிருந்தால் மேலிருந்து பார்க்கிற கேமராவுக்குக் கார் தெரியாதே. அந்தச் சிவப்பு வண்டியின் அழகைக் காட்டுவதற்காக ஊரையே திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

அப்படி என்ன அழகு?

அதற்கு டூரின் நகரத்துப் பெரியவர் ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்திஸ்தா ஃபரினா, பிறந்தது 1893. பதினோரு குழந்தைகளில் பத்தாவது. அதனால் வீட்டில் 'பினின்' என்று கூப்பிட்டார்கள். நம்ம பாஷையில் சொன்னால் 'குட்டி'. வளர்ந்து, கார்களுக்கு உடம்பு வடிக்கிற தொழிலில் இறங்கி, 1930-ல் சொந்தக் கம்பெனி வைத்தார். அவர் வடித்த சிசிடாலியா என்ற காரை நியூயார்க் நவீனக் கலை மியூசியம் 1951-ல் சிற்பம் மாதிரி காட்சிக்கு வைத்தது. கடைசியில் 1961-ல் இத்தாலிய ஜனாதிபதியின் அனுமதியோடு குடும்பப் பெயரையே 'பினின்ஃபரினா' என்று மாற்றிக்கொண்டார். செல்லப் பெயரை கெஜட்டில் ஏற்றியவர் சார் அவர்!

1966 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் இந்த ஸ்பைடர் முகம் காட்டியது. ஏப்ரல் 3-ம் தேதி பினின் காலமானார். அவர் தானே முன்னின்று கவனித்த கடைசி டிசைன் இதுதான் என்கிறார்கள். மேடையேற்றத்துக்கும் மரணத்துக்கும் நடுவே ஒரு மாதம்கூட இல்லை.

பின்பக்கம் படகு மாதிரி வளைந்து, ஒடுங்கி, உருண்டு முடியும். பக்கவாட்டில் கையால் வழித்துவிட்ட மாதிரி நீளமாக ஒரு பள்ளம். இத்தாலிக்காரர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் 'கணவாய் ஓடு'. லவ் பேர்ட்ஸ் கூண்டில் கொத்துவதற்குத் தொங்கவிடுவார்களே, வெள்ளையாக, கடல் நுரை... அதுதான். முதலில் பார்த்த சில பேர் 'என்னப்பா இது, முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கு' என்று முகம் சுளித்தார்கள். கல்யாணத்துக்கு வந்து சாப்பாட்டில் குறை சொல்லும் சம்பந்தி எந்த ஊரில்தான் இல்லை?

பெயர் வைக்க ஒரு போட்டி நடத்தினார்கள். லட்சத்துக்கும் மேல் யோசனைகள் குவிந்தன. 'டூயட்டோ' என்ற பெயர் ஜெயித்தது. இரண்டே சீட், ரெண்டு பேர் பாட வேண்டிய பாட்டு. பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு சாக்லேட் தின்பண்டம் இருந்து தொலைத்தது! கம்பெனியால் அந்தப் பெயரை முறைப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. ஜனங்கள் மட்டும் பிடிவாதமாக இன்றுவரை டூயட்டோ என்றே கூப்பிடுகிறார்கள்.

அறிமுக விழாவும் அமர்க்களம். 'ரஃபாயெல்லோ' என்ற பெரிய பயணிகள் கப்பலில் விருந்தாளிகளோடு பச்சை, வெள்ளை, சிவப்பு என்று இத்தாலியக் கொடி நிறத்தில் மூன்று ஸ்பைடர்களை ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். (பாவம், அந்தக் கப்பல் பிற்பாடு ஈரானுக்கு விற்கப்பட்டு, 1983-ல் ஈரான்-ஈராக் யுத்தத்தில் குண்டு பட்டு முழுகிப்போனது.)

பானெட்டைத் திறந்தால்தான் இந்தக் காரின் ரகசியம் தெரியும். இது பரம்பரைப் பணக்காரக் கார் இல்லை. அடியில் இருப்பது ஆல்ஃபாவின் 'ஜூலியா' என்ற நாலு கதவு குடும்பக் கார். இத்தாலியில் குமாஸ்தா முதல் போலீஸ்வரை ஓட்டிய வண்டி. அதன் சக்கரங்களுக்கிடையே சுமார் ஒரு ஜாண் நீளத்தைக் குறைத்து, மேலே பினினின் பட்டுச்சட்டையைப் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் குடும்பக் காரே லேசுப்பட்டதில்லை. 1570 சிசி அலுமினிய எஞ்சின். மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், பக்கத்தில் இரண்டு வெபர் கார்புரேட்டர், 109 குதிரைசக்தி. ஐந்து கியர், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். மற்ற கம்பெனிகள் பந்தயக் காரில் மட்டும் வைத்ததை, ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற வண்டியில் ஆல்ஃபா வைத்திருந்தது.

மணிக்கு 185 கிலோமீட்டர் போகும். அன்றைக்கே இதைவிட வேகமான கார்கள் உண்டு. ஆனால் ஸ்டீவ் மெக்வீன் 1966-ல் ஒரு பத்திரிகைக்காக ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது, ஓட்டுகிறவன் தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் வண்டி என்று. அந்த ஒரு குணம்தான் என் கணக்கில் நூறு குதிரைசக்திக்குச் சமம். மழை வந்தால் இறங்க வேண்டாம். சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் கூரையை இழுத்து மூடிவிடலாம்.

குறை இல்லையா? தாராளமாக. முதல் எதிரி துரு. ஈர ஊர்களில் தரைத்தகடே அரித்துப்போய்விடும். ஸ்டீயரிங் எட்டாத தூரத்தில், பெடல் முழங்காலுக்குக் கிட்டத்தில்; கை நீளமாகவும் கால் குட்டையாகவும் இருப்பவர்களுக்காகத் தைத்த மாதிரி. விலையும் சும்மா இல்லை. இத்தாலியில் 1966-ல் 21 லட்சத்து 95 ஆயிரம் லிரா. அந்தப் பணத்துக்குச் சின்ன ஃபியட் 500 நாலு வாங்கலாம்!

1970 மாடலில் அந்த உருண்டை வாலைக் கத்தரித்துச் சப்பையாக்கினார்கள். டிக்கியில் கொஞ்சம் இடம் கூடியது. இரண்டு பெட்டிக்காக இப்படியா செய்வது? எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்புறம் அமெரிக்கச் சட்டத்துக்காகத் தடித்தடியாகக் கறுப்பு ரப்பர் பம்பர். 1983-ல் வாலில் ஒரு ரப்பர் துண்டு வேறு. நடுவில் 1986-ல் நஷ்டத்தில் தத்தளித்த ஆல்ஃபாவையே ஃபியட் வாங்கிவிட்டது. நம்ம பிரீமியர் பத்மினிக்கு மூலமான அதே ஃபியட்தான்.

இத்தனை அடி வாங்கியும் வண்டி சாகவில்லை. 1990-ல் ஒட்டுப்போட்ட ரப்பரையெல்லாம் கழற்றி, பழைய அழகைக் கொஞ்சம் மீட்டுக் கொடுத்து, 1993வரை ஓட்டினார்கள். 27 வருஷம், சுமார் 1 லட்சத்து 24 ஆயிரம் கார்கள். அத்தனைக்கும் அடியில் அதே எஞ்சின் பரம்பரைதான். அதனால்தான் பழைய ஸ்பைடருக்கு இன்றும் பார்ட்ஸ் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கை நிறைய கிரீஸோடு தானே பிரித்து மாட்டுகிற ஆசாமிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளம். ஃபெராரி மாதிரி கோடீஸ்வரன் கண்ணாடி அறையில் பூட்டிவைக்கிற சமாசாரமாக இது ஆகவில்லை.

பினினின் கம்பெனி என்ன ஆயிற்று என்கிறீர்களா? கடனில் மாட்டிக்கொண்டது. 2015 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருஷம் அதை வாங்கியவர்கள் ஜீப்புக்கும் டிராக்டருக்கும் பேர்போன நம்ம மகிந்திரா குழுமம்!

மறந்துவிட்டேனே, கல்யாணம். பையன் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேருகிறான். காதலியை இழுத்துக்கொண்டு வெளியே வருகிறான். இரண்டு பேரும் தப்பிப்பது ஒரு சாதாரண பஸ்ஸில், கடைசி சீட்டில். வழியில் நின்றுபோன ஸ்பைடரை யாராவது போய் எடுத்துவந்தார்களா என்று படத்தில் சொல்லவே இல்லை.