வெளியே அமர்ந்திருப்பவரும் வீரரே

சென்ற மாதம் என் தமையனார் மிகுந்த கவலையுடன் என்னைக் காண வந்தார். அவருடைய மகன் பள்ளி ஹாக்கிக் கோஷ்டியில் ஆடுபவன். முழங்காலில் அடிபட்டு மூன்று மாதம் ஓய்ந்திருந்தான். குணமான பின்னும் அவனை மாற்று ஆட்டக்காரனாகவே வைத்திருக்கிறார்களாம். “வெளியே உட்காருவதற்கா தம்பி, பிள்ளையை அனுப்புவது? நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்” என்றார். அவருக்கு நான் கூறிய விடை நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றிற்கும் பயன்படலாம் என்று கருதி இங்கு எழுதுகிறேன்.

ஹாக்கியில் களத்தில் நிற்போர் 11 பேர். ஒலிம்பிக் ஆட்டம் ஒன்றுக்குக் கோஷ்டியில் இடம்பெறுவோர் 16 பேர். ஆட்டத்தினிடையே எத்தனை முறை வேண்டுமாயினும் ஆளை மாற்றலாம். ஓட்டம் அத்துணைக் கடுமையானது.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முதலில் அறிவித்த 16 பேரில் சிம்ரன்ஜீத் சிங் இல்லை. தொற்றுநோய்க் காலமாதலால் விதி தளர்ந்து, கூடுதலாகச் சேர்ந்த இருவரில் ஒருவர் அவர். ஜெர்மனியுடன் வெண்கலப் பதக்கத்துக்காக ஆடிய ஆட்டத்தில் 1–3 எனப் பின்தங்கிய இந்தியா 5–4 என வென்றது. அவற்றுள் இரண்டு கோல்கள் சிம்ரன்ஜீத் போட்டவை! 1980இல் மாஸ்கோவில் தமிழரான வி. பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற பின், 41 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதக்கம் அது.

அன்று இறுதி வினாடிகளில் ஜெர்மனியின் பெனால்டி கார்னரைத் தடுத்தவர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். எர்ணாகுளம் மாவட்டத்தில் பிறந்து, நம் திருவனந்தபுரத்து ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் பயின்றவர். 2017இல் முழங்கால் காயத்தால் அவர் பல மாதம் ஆட இயலவில்லை. கோஷ்டித் தலைமையும் பிறர் கைக்குச் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் புவனேசுவரத்தில் பெல்ஜியத்துடன் ஆட்டம் 3–3 எனச் சமனாகி, ஷூட்-அவுட்டில் இந்தியா வென்றபோது கோலைக் காத்தவர் ஆகாஷ் சிக்தே. மாற்று ஆள் கைகொடுத்தமையால், காயமுற்றவரை அவசரப்பட்டு இறக்க வேண்டிய தேவை எழவில்லை. 2018 ஜனவரியில் திரும்பிய ஸ்ரீஜேஷ், 2021இலும் 2024இலும் பதக்கம் பெற்றார்.

எங்கள் ரயில்வேயில் லீவு ரிசர்வ் என்று சில குமாஸ்தாக்கள் உண்டு. எல்லோரும் வேலைக்கு வந்த நாளில் அவர்கள் மிகையாகத் தோன்றுவர். ஓணக் கூட்டத்தின்போது இருவர் காய்ச்சலில் படுத்தால்தான் அவர்களுடைய அருமை தெரியும்.

இதனால், வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடட்டும் என்று நான் சொல்லவில்லை. வைத்தியர் சம்மதியாமல் பையன் மட்டையைத் தொடலாகாது. ஆனால் காயம் ஆறுவதற்குக் காத்திருப்பது வேறு. ஆட்டத்தையே விட்டுவிடுவது வேறு.

தமையனார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. முடிவில், இந்த ஆண்டு முடியும்வரை பொறுத்துப் பார்ப்பதாக இசைந்தார். பையன் இப்பொழுதும் வெளியேதான் அமர்ந்திருக்கிறான். ஆயினும் ஒருநாள் பயிற்சியும் தவறுவதில்லை.