பார்க்க முடியாத பாறைக்கு ஒரு வரைபடம்

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிச் சென்றால் முதலில் எதிர்ப்படும் சிற்றூர் கம்போங் ராஜா. ஒருபுறம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள், மறுபுறம் புளூ வேலி தேயிலை. அடுத்த முறை போகும்போது, சாலைக்காக வெட்டிய மலைச்சரிவுகளையும் கவனியுங்கள் மாணவர்களே. கிரானைட் உள்ள இடங்களில் மேலே செம்மண் தெரியும். அதன் கீழே உதிர்ந்து மணலாகிவரும் பாறையும், நடுநடுவே உருண்டைக் கற்களும் இருக்கும். இன்னும் கீழே உடையாத பாறை.

மழைநீர் இறங்கித் தங்கும் தொட்டி இதுதான். தித்திவங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி கிரானைட். உடையாத கிரானைட்டில் தண்ணீர் நிற்காது. உதிர்ந்த பகுதியிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நிற்கும். உதிர்ந்த அடுக்கு ஓரிடத்தில் 5 மீட்டர் தடிமன் இருக்கலாம், சற்றுத் தள்ளி 30 மீட்டர் இருக்கலாம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தேயிலைச் சரிவுதான். ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதற்கோ மீட்டர் கணக்கில் பணம் கொடுக்க வேண்டும். தண்ணீர் வராவிட்டாலும் கொடுத்த பணம் திரும்பாது.

நான்கைந்து துளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, தோண்டாத இடத்தைக் கணிக்க முடியுமா? முடியும் என்கிறது புவிப்புள்ளியியல். இந்தத் துறை தண்ணீருக்காகப் பிறக்கவில்லை, தங்கத்திற்காகப் பிறந்தது! தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே, விட்வாட்டர்ஸ்ராண்ட் சுரங்கங்களில் ஒன்றைக் கவனித்தார். மாதிரிகளில் தங்கம் செழிப்பாகத் தெரிந்த பகுதியை வெட்டினால், கணித்ததைவிடக் குறைவாகவே கிடைத்தது. ஒரு துளையை மட்டும் நம்பாமல் சுற்றியுள்ள துளைகளையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்று 1951இல் அவர் எழுதினார். 1960களில் பிரான்சின் ஜார்ஜ் மாத்தெரோன் அதை முழுமையான கணிதமாக்கி, கிரிகேயின் பெயராலேயே 'கிரிகிங்' என்று அழைத்தார்.

முதல் வேலை, 'அருகில் இருப்பவை ஒத்திருக்கும்' என்பதை அளப்பது. இரண்டு துளைகளில் கடும்பாறை 10 மீட்டரிலும் 14 மீட்டரிலும் தட்டுகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 4, அதன் வர்க்கம் 16, அதில் பாதி 8. இப்படி எல்லாத் துளை இணைகளுக்கும் கணக்கிட்டு, ஒரே அளவு தூரத்தில் உள்ள இணைகளின் சராசரியை எடுத்து, தூரத்திற்கு எதிராக வரைந்தால் கிடைப்பது வேரியோகிராம். நான்காம் படிவத்தில் வேரியன்ஸ் படித்தவர்களுக்கு இது பழகிய முகம்தான். தூரம் கூடக்கூடக் கோடு ஏறும், ஓரிடத்தில் சமமாகிவிடும். அந்தத் தூரத்திற்கு அப்பால் ஒரு துளை இன்னொன்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

கிளந்தான் சமவெளியில் ஆறு பரப்பிய மணலும் சரளையும் நெடுந்தூரம் தொடர்கின்றன. அங்கே ஒரு துளையின் பேச்சு வெகுதூரம் செல்லும். மலைக் கிரானைட்டில் அப்படியில்லை. வெடிப்பு இருக்கும் இடத்தைவிட்டுச் சில மீட்டர் நகர்ந்தாலே கதை மாறிவிடும்.

அடுத்தது எடைபோடுதல். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தோண்டாத ஓர் இடத்திலிருந்து மூன்று துளைகளும் ஒரே தூரத்தில் உள்ளன. இரண்டு துளைகள் ஒரே பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கின்றன, இரண்டிலும் பாறை 18 மீட்டரில். மூன்றாவது எதிர்ப்பக்கத்தில், 30 மீட்டரில். சாதாரணச் சராசரி 22. கிரிகிங் இதை ஏற்காது. ஒட்டியிருக்கும் இரண்டும் ஒரே வீட்டுச் சாட்சிகள் மாதிரி, சொன்னதையே சொல்கின்றன. ஆகவே இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு பங்கு, எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பங்கு. விடை 24ஐ ஒட்டி வரும்.

அதோடு, ஒவ்வொரு கணிப்பும் எவ்வளவு தவறலாம் என்பதையும் கிரிகிங் சொல்லிவிடும். அதைத் தனி வரைபடமாக வரைந்தால், நமக்கு அதிகம் தெரியாத இடம் எது, அடுத்த துளையை எங்கே போட்டால் அதிகம் தெரிந்துகொள்ளலாம் என்பது புலப்படும். துளை போடுவதற்கு முன் மண்ணில் மின்சாரம் செலுத்தி மின்தடையை அளப்பதும் உண்டு. ஈரமான உதிர்பாறையில் தடை குறைவு, திடமான கிரானைட்டில் மிக அதிகம். ஆனால் களிமண்ணும் குறைந்த தடையையே காட்டி ஏமாற்றும்.

இத்தனைக்குப் பிறகும் வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்? வங்காளதேசத்தைப் பாருங்கள். குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் நஞ்சு கண்டறியப்பட்டபின், 3,500க்கும் மேற்பட்ட கிணறுகளைச் சோதித்து, கிரிகிங் முறையில் வரைபடங்கள் வரைந்து 2001இல் அறிக்கை வெளியிட்டார்கள். எந்த வட்டாரத்தில் ஆபத்து அதிகம் என்று அவை நன்றாகக் காட்டின. ஆனால் ஒரு வீட்டுக் கிணறு நஞ்சாகவும் பக்கத்து வீட்டுக் கிணறு நல்ல நீராகவும் இருந்தன. வேரியோகிராமில் தூரம் பூச்சியத்தை நெருங்கியும் கோடு பூச்சியத்துக்கு இறங்கவில்லை என்றால் பொருள் இதுதான். அதனால் அங்கே கிணறு கிணறாகச் சோதித்து, குடிக்கத் தகாத குழாய்க்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள்.